நிறைந்த ஏரிக்கு ஒரு முறம்

எங்கள் வீட்டுக்கு ராஜ வம்சம் வந்து சேர்ந்தபோது நான் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுவே ஒரு மழைக்காலம். ஊர் உலகத்தில் இருந்த ராஜாக்களும் ஜமீன்தார்களும் எல்லாவற்றையும் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு வெறும் ஆட்களாகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ராஜாவானார். அவருக்கு மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. ராஜ்யம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சைக்கிளும், மழை பெய்தால் அங்கங்கே ஒழுகும் ஓட்டு வீடும் இருந்தன.

நான் பிறந்தது மத்தூர்ப் பக்கம். ஓசூரைத் தாண்டி, மைசூர் எல்லையை ஒட்டின ஒரு ஊரில் என்னைக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கன்னடம் பேசுவார்கள், அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், சண்டை வந்தால் மட்டும் எல்லாரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். வந்த புதிதில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பயமே இல்லாதவர்கள் இழுத்துவிடும் காரியங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதிலும் கட்டிக்கொண்டவரே அப்படிப்பட்டவராக அமைந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். மாமியார் சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். எருமை வைத்துப் பால் ஊற்றி ஒரே மகனைப் படிக்கவைத்தவர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி கன்னடத்தில் பேசுவார், அதனால் திட்டுகிறாரா விசாரிக்கிறாரா என்று எனக்குப் புரியாது. அவர் அடுப்படிக்குள் நுழைந்தால் நான் பின்கட்டுக்கு நழுவிவிடுவேன்.

வம்சத்தைத் தேடும் பைத்தியம் என் வீட்டுக்காரருக்கு எங்கள் குலசாமியால் பிடித்தது. எங்கள் குலசாமிக்குக் கோயில் கிடையாது. புளியமரத்தடியில் மஞ்சள் பூசின கற்கள், அவ்வளவுதான். அது பிடிமண் சாமி. ஒரு குடும்பம் பிழைப்புக்காக ஊர் மாறும்போது பழைய ஊரின் சாமி இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, புது ஊரில் போட்டு, அதன் மேல் கல் நட்டுக் கும்பிடும். மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. மாடுகளுக்கு அடைப்பான் ஊசி போட ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவர், போகிற இடமெல்லாம் வயசானவர்களைப் பிடித்து உட்காரவைத்து இதையே கேட்டார். எங்கள் மண் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தது என்றார்கள். அங்கே போனால், அங்கே இருந்த சாமியும் பிடிமண் சாமிதான், அது அஞ்செட்டிக் காட்டுப் பக்கமிருந்து வந்தது என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வம்சம் சொல்கிறவர் வந்தார். இப்படிச் சொல்கிறவர்கள் வருஷம் ஒரு முறை கன்னட நாட்டிலிருந்து மாட்டின் மேல் உட்கார்ந்து, மணியடித்துக்கொண்டு வருவார்கள். வீட்டு வாசலில் நின்று அந்த வீட்டாரின் பாட்டன் பூட்டன் பேரையெல்லாம் ராகம் போட்டுச் சொல்லிவிட்டு, ராகி வாங்கிக்கொண்டு போவார்கள். மற்ற வருஷங்களில் தகப்பன், பாட்டன் வரைக்கும் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்களாம். இந்த முறை என் வீட்டுக்காரர் அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, அடிவேர் வரைக்கும் சொல்லச் சொன்னார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்குக் கன்னடம் அரைகுறை. கோட்டை என்றார், ராஜா என்றார், அதெல்லாம் புரிந்தது. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துகொண்டே போனது. பிறகு பாட்டின் வேகம் குறைந்தது. கெரெ என்றார், அது ஏரி. சொசெ என்றார். சொசெ என்றால் மருமகள். அந்தச் சொல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், தெருவில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். அந்த இடத்தில் அவர் பாட்டை நிறுத்தி, கதவுப் பக்கம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார்.

"நீ உள்ள போ," என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்கு? என்னா சொல்றாரு?"

"உள்ள போன்னா போயேன்."

மாமியார் எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நின்றார். கடைசிவரைக்கும் கேட்டார். பிறகு முறம் நிறைய ராகியைக் கொண்டுபோய் அந்த மனிதரின் பையில் கொட்டி, "சாக்கு" என்றார். போதும் என்று அர்த்தம். அன்று அவர் சாப்பிடவில்லை. யாரும் எனக்கு எதையும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. பாட்டில் வந்த ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து வண்டிப் பயணமாக அரை நாள் தூரம். மொட்டைப் பாறைமேல் இடிந்த கோட்டைச் சுவர், அடியில் பெரிய ஏரி. லீவு போட்டுவிட்டுப் போனவர் மறுநாள் தலையில் பரிவட்டத்தோடு வந்து இறங்கினார். அந்த ஊர்க்காரர்கள் ராஜா வீடு அற்றுப்போய்விட்டது என்று நினைத்திருந்தார்களாம். பிடிமண் போன வழியையும் பாட்டையும் இவர் சொல்லச் சொல்ல, கிழவர்கள் கண்ணில் தண்ணீர் வைத்துவிட்டார்களாம். கோயிலில் நிறுத்தி, பரிவட்டம் கட்டி, ஊரே பார்க்க முதல் தாம்பூலத்தை இவர் கையில் கொடுத்தார்களாம். சொல்லும்போது அவருக்குக் கால் தரையில் படவில்லை.

மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல் வெத்தலய எடுத்துக்கினியா?" என்றார்.

"ஆமா. நமக்குத்தானே உரிமை."

"எதுக்குக் குடுக்கறாங்கன்னு கேட்டியா?"

"இதுல கேக்கறதுக்கு என்னா இருக்குது? மரியாதைக்குத்தான்."

மாமியார் எழுந்துபோய் எருமையிடம் உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரரை விடாமல் நச்சரித்து விஷயத்தை ஒருவழியாகக் கறந்தேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, ஏதோ பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்த ஏரியை வெட்டினது எங்கள் முன்னோரான பாளையக்காரர்தான். ஏரி நிறைகிற வருஷம் ராஜா வீட்டு மருமகள் பாகினம் கொடுக்கவேண்டும் என்பது வழக்கம். ஒரு முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத்துணி எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, மதகுப் படியில் இறங்கித் தண்ணீரில் விடவேண்டும். ஒரு வருஷம் பெருமழை. கரை உடைகிற நிலை. அன்றைக்குப் பாகினம் கொடுக்க இறங்கின மருமகள் திரும்பி ஏறவில்லை. அந்த ஆண்டு கரை நின்றது. வழுக்கி விழுந்தாள் என்று சிலர் சொல்கிறார்கள், ஏரி எடுத்துக்கொண்டது என்று சிலர் சொல்கிறார்கள். அவளுக்குத்தான் கல் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு சண்டை வந்து கோட்டை போனபோது, தப்பித்துப்போனவர்கள் எடுத்துப்போன பிடிமண் அவளுடைய கல்லடியில் இருந்து எடுத்ததுதான்.

"அப்ப நம்ம குலசாமி..."

"நம்ம ஊட்டு மருமவதான். எவ்ளோ பெரிய விஷயம் பாரு," என்றார் அவர், சந்தோஷமாக.

"அவங்க முழுகாம இருந்தாங்களா?"

அவர் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு மழை பிடித்தது. மற்ற வருஷங்களில் வானம் பார்த்துக் கும்பிடுகிற சீமை இது. அந்த வருஷம் விடாமல் கொட்டியது. ராகிக் கதிர் காட்டிலேயே முளைத்தது. ஓசூரை மைசூரோடு சேர்ப்பார்களா, இங்கேயே வைப்பார்களா என்று டீக்கடையில் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதை மறந்து, எந்த ஊர் ஏரி நிறைந்தது, எது உடைந்தது என்று பேசினார்கள். ஓட்டில் மழை விழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைப்பேன். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் பயந்தது வீண்போகவில்லை.

அந்தக் கோட்டை ஊர்ப் பெரியவர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, எனக்குப் புதுப் புடவை. ஊர்த் தலைவரான பெரிய கவுடர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"ஏரி ரொம்பிப்போச்சுங்க. எங்க காலத்துல பாத்ததில்ல. ராஜாவூட்டு மருமவ வந்து பாகினம் குடுக்கணும். இத்தினி வருசமா ஊட்ல யாரும் இல்லேன்னு நாங்களே பூசாரிய வெச்சு ஒப்பேத்திக்கினு இருந்தோம். இப்ப ஆண்டவன் புண்ணியத்துல நீங்க வந்துட்டீங்க."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவளுக்கு மாசம் ஆவுதுங்க," என்றார்.

"தெரியுமுங்க. ஏரியும் ரொம்பியிருக்குது, மருமவளும் நெறஞ்சிருக்கறாங்க. இதவிட நல்லது என்னா இருக்குது?" என்றார் கவுடர். அவர் முகத்தில் சூது எதுவும் இல்லை. மனசாரச் சந்தோஷப்பட்டுச் சொன்னார்.

அவர்கள் போனதும் நான் அழுதேன், கத்தினேன், மத்தூருக்குப் போகிறேன் என்றேன். என் வீட்டுக்காரர் மறுநாள் மழையில் நனைந்துகொண்டே போய், முடியாது என்று சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பினார். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. கரையில் ஒரு இடத்தில் கசிகிறதாம். கீழே இருக்கிற வயலும் குடிசைகளும் அந்தக் கரையை நம்பி இருக்கின்றனவாம். ராஜா வீடு என்று முதல் வெற்றிலை வாங்கினவர், வேலை வந்ததும் நான் ராஜா வீடு இல்லை என்றால், கரை உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்களாம். வாங்கின வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாதாம்.

"சும்மா ஒரு சடங்குதான். எறங்கி, வுட்டுட்டு, ஏறிட வேண்டியது. நான் பக்கத்துலயே நிக்கறேன்," என்றார். ஆனால் அவர் குரலில் எனக்கே பயம் கேட்டது. பயப்படாத மனிதர் பயந்தால் பயந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நானும் வரேன்," என்றார் மாமியார்.

மங்கல காரியத்துக்கு அவர் வருவதில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூடப் போகமாட்டார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "வண்டியிலயே குந்தியிருக்கறேன்," என்று முடித்துவிட்டார்.

அந்த ஊரிலிருந்தே வில்வண்டி அனுப்பினார்கள். தூறிக்கொண்டிருந்தது. ஊர் எல்லையிலேயே மேளம். ஏரிக்கரைக்கு வண்டி ஏறினதும் தண்ணீரைப் பார்த்தேன். செம்மண் நிறத்தில், கரையை முட்டிக்கொண்டு, அக்கரை தெரியாமல் கிடந்தது. ஒரு இடத்தில் ஆண்கள் வேலிமுள்ளையும் மண்ணையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். போடப்போட மண் கரைந்தது. மதகுக்குப் பக்கத்தில் அந்தக் கல் இருந்தது. ஒரு பெண், வலதுகை தூக்கியபடி, கை நிறைய வளையல். முகம் மழையில் தேய்ந்துபோயிருந்தது. எண்ணெயும் மஞ்சளும் அப்பியிருந்தார்கள்.

பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். வளையல் போட்டுவிட்டார்கள், தலை கொள்ளாமல் பூ வைத்தார்கள், கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். ஒரு கிழவி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எல்லாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

முறத்தைக் கையில் கொடுத்தார்கள். மதகுப் படிகள் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தன. மதகு வாயில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"எதுவரைக்கும் எறங்கணும்?" என்று பூசாரியைக் கேட்டேன்.

"அம்மா சொல்லுவாங்க," என்று கல்லைக் காட்டினார்.

"இடுப்பளவா?"

"அது அம்மா இஷ்டம் தாயீ."

திரும்பி என் வீட்டுக்காரரைத் தேடினேன். பக்கத்திலேயே நிற்பதாகச் சொன்னவரை ஆண்கள் கூட்டத்தில் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பரிவட்டத்தோடு நின்றார். உதடு அசைந்தது, கால் அசையவில்லை. என்னைப் பெற்றவர்கள் எங்கேயோ இருந்தார்கள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. முதல் படியில் கால் வைத்தேன். பாசி வழுக்கியது. தண்ணீர் கணுக்காலைப் பிடித்தது. இதோடு சரி, என் பிள்ளை முகத்தைப் பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன்.

பின்னால் மேளம் நின்றது. யாரோ என் தோளைப் பிடித்து மேலே இழுத்தார்கள். மாமியார். வண்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்திருந்தார்.

"குடு," என்று முறத்தை என் கையிலிருந்து வாங்கினார்.

பூசாரி பதறிவிட்டார். "ஏம்மா, தாலி அறுத்தவங்க இதத் தொடக் கூடாதும்மா! ராஜாவூட்டு மருமவதான் குடுக்கணும்."

"நான் யாரு? அந்த ஊட்டுக்கு மருமவளா வந்தவ நானும்தான். இவளுக்கு முன்னால வந்தவ. எங்கூட்டுக்காரர் போயிட்டா நான் மருமவ இல்லேன்னு ஆயிடுமா?"

"சுமங்கலி குடுக்கறது வழக்கங்க," என்றார் கவுடர், மெல்ல.

"அன்னிக்கு எறங்கினவ தாலி, பூ, வளையல் எல்லாத்தோடயும்தானே எறங்கினா? கரை நின்னுச்சு. அவ நின்னாளா? இந்த வாட்டி ஒண்ணும் இல்லாதவ எறங்கறேன். என்னாதான் ஆவுதுன்னு பாருங்க."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினார். முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறியது. நான் எனக்காகப் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை. அந்த வெள்ளைப் புடவை தண்ணீரில் விரிந்து மதகுப் பக்கம் இழுபட்டபோது பயந்தேனே, அப்படி என் ஆயுளில் பயந்ததில்லை. "அத்தை, போதும் அத்தை, வந்துடுங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். மார்பளவுத் தண்ணீரில் அவர் முறத்தை விட்டார். அது ஒரு சுற்று சுற்றி, மதகு வாயில் முட்டி, உள்ளே போனது. அவர் கல்லின் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையால் மதகுத் தூணைப் பிடித்து, கால் தடவித் தடவி ஏறினார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஓடிவந்து கை கொடுத்தார். அந்தக் கையை அவர் பிடிக்கவில்லை.

கரை நின்றது. மண் சுமந்தவர்களால் நின்றதா, சாயங்காலம் மழை விட்டதால் நின்றதா, எனக்குத் தெரியாது. விதவை கையால் பாகினம் கொடுத்த ராஜா வீடு எங்களுக்கு வேண்டாம் என்று அந்த ஊர் எங்களைக் கைவிட்டது. அதன்பிறகு யாரும் எங்களுக்கு வெற்றிலை வைக்கவில்லை. என் வீட்டுக்காரரும் வம்சப் பேச்சை எடுக்கவில்லை. யாராவது "என்னா ராஜா" என்று கிண்டலுக்குக் கூப்பிட்டால்கூட அவர் முகம் செத்துப்போகும்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் நானும் மாமியாரும் மட்டும் இருந்தோம். என் வீட்டுக்காரர் மழைச்சேற்றில் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். மாமியார் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்தார், பற்கள் அடித்துக்கொண்டன. என் புதுப் புடவை முந்தானையால் அவர் தலையைத் துவட்டினேன். அதுவரைக்கும் நான் அவரைத் தொட்டதே இல்லை. கை இரண்டும் ஐஸாக இருந்தன. குளிரால் மட்டும் ஒருவர் அப்படி நடுங்கமாட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்குப் பயமா இல்லையா அத்தை?"

என் முந்தானையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் மாட்டு மேல வந்து பாட்டு சொன்னானே, அன்னிக்குப் புடிச்ச பயம்," என்றார். "பாட்டுல எல்லாரையும் சொன்னான். ராஜாவச் சொன்னான், அவன் மவனச் சொன்னான், எறங்கின பொண்ணச் சொன்னான். அந்தப் பொண்ணுக்கு ஒரு மாமியார் இருந்திருப்பா இல்ல? அவளப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கரை மேல நின்னு பாத்துக்கினுதானே இருந்திருப்பா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரைக்கும் விடவில்லை.